ரெண்டு கை எண்ணூறு

என் அத்தைக்கு ஒரு நாற்காலி வேண்டும். கதை அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்காலிக்கும், என் அப்பாவின் சட்டையில் இருக்கும் டீக்கறைக்கும், மெத்தைக் கடைக்காரர் திரையில் நடுநடுங்கியதற்கும் தொடர்பு இருப்பதால், முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அப்பா அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவுக்குக் கண்ணாடி வந்து, முன்முடி நரைத்து, நாங்கள் எல்லோரும் பயப்படும் ஒரு குரலும் வந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் அது எதுவும் கண்ணில் படவில்லை.

அத்தை வேலை பார்ப்பது விளையாட்டு மைதானங்களில் வைக்கும் பெரிய திரைகளைச் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். திரைக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும். அதில் ஏகப்பட்ட சிப்புகள் இருக்கும். ஒரு சிப்புக்கும் இன்னொரு சிப்புக்கும் ஒத்துப்போகுமா என்று, அவற்றோடு வரும் விவரத்தாளைப் படித்துச் சொல்வதும், பலகை வந்ததும் சோதித்துப் பார்ப்பதும் அத்தையின் வேலை. அந்த விவரத்தாளை அவர்கள் டேட்டாஷீட் என்பார்கள். ஜாதகம் பார்ப்பதைவிடக் கஷ்டம் என்று அத்தை சொல்வாள். ஜாதகத்தில் பொய் சொன்னால் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும், டேட்டாஷீட்டைத் தப்பாகப் படித்தால் பலகை வந்த அன்றைக்கே தெரிந்துவிடும்.

கம்பெனி மாடியில். கீழே மெத்தைக் கடை. மெத்தைக் கடைக்காரர் அத்தையை டீச்சர் என்று கூப்பிடுவார். அதற்குக் காரணம் இருக்கிறது. சோதனை அறைக்குக் கண்ணாடிச் சுவர். மாடிப்படி ஏறும்போது உள்ளே நடப்பது தெரியும். அவர் முதல்முறை மேலே வந்தபோது உள்ளே நாலைந்து பேர் ஒரு கையை மேலே தூக்கி, இன்னொரு கையைக் கீழே இறக்கி, பிறகு மாற்றி இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. அவர் கதவைத் தட்டி, "டீச்சர், இடுப்பு வலிக்கு இதுல ஏதாவது ஆசனம் இருக்கா?" என்று கேட்டார். அவர்கள் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தது மில்லிவோல்ட் கணக்கு. அதை விளக்கிச் சொன்ன பிறகும் அவர் டீச்சர் என்று கூப்பிடுவதை விடவில்லை.

அந்தக் கை விஷயத்தை நான் இங்கே விளக்கியாக வேண்டும். எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகாது.

பலகையில் இருக்கும் எல்லாச் சிப்புகளும் ஒரே தாளத்தில் வேலை செய்ய வேண்டும். தாளம் போட ஒரு சிப் உண்டு. அதைக் கிளாக் என்பார்கள். அது தாளத்தை ஒரு கம்பியில் அனுப்பாமல் இரண்டு கம்பிகளில் அனுப்பும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். சீசா பலகையில் இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி. ஒரு கம்பியை மட்டும் தரையிலிருந்து அளந்தால், அது நானூறு மில்லிவோல்ட் ஏறி இறங்குகிறது என்று வையுங்கள். ஆனால் தாளத்தைக் கேட்கிற சிப்புக்குத் தரையைப் பற்றிக் கவலையே இல்லை. இரண்டு கம்பிக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் அது பார்க்கும். இந்தக் கம்பி அந்தக் கம்பியைவிட நானூறு மேலே இருக்கும். மறு நொடியே நானூறு கீழே போய்விடும். மேலே நானூறிலிருந்து கீழே நானூறு வரை போனால், போன தூரம் எண்ணூறு.

ஆக, நானூறும் சரி, எண்ணூறும் சரி. இரண்டும் ஒரே விஷயம். ஒரு சிப் செய்கிறவர் டேட்டாஷீட்டில் நானூறு என்று போடுவார். இன்னொருவர் எண்ணூறு என்று போடுவார். எதை அளந்தோம் என்று அடியில் எறும்பு எழுதிய மாதிரி ஒரு குறிப்பு இருக்கும். அதைப் படிக்காமல் இந்த நானூறையும் அந்த எண்ணூறையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொருந்துகிற சிப் பொருந்தாது என்றும் பொருந்தாதது பொருந்தும் என்றும் தோன்றும்.

இப்படி ஒருமுறை அடிபட்ட பிறகு, சோதனை அறையின் அப்போதைய தலைவர் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் யாரும் கை காட்டாமல் எண் சொல்லக்கூடாது. ஒரு கையைத் தூக்கினால் ஒரு கம்பியைத் தரையிலிருந்து அளந்தது. இரண்டு கையையும் ஏற்றி இறக்கி மாற்றினால் வித்தியாசத்தின் முழு வீச்சு. ஒத்தைக் கை, ரெட்டைக் கை. மற்றவர்கள் இதை ஆபீசோடு விட்டுவிட்டார்கள். அத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

காய்கறிக் கடையில் இரண்டு கையையும் ஆட்டி அரைக் கிலோ தக்காளி கேட்டதற்கு, கடைக்காரர் கைக்கு அரைக் கிலோ என்று இரண்டு பையில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அத்தைக்கு ஒருமுறை கல்யாணப் பேச்சு வந்தது. தரகர் மாப்பிள்ளையின் உயரத்தைச் சொன்னதும் அத்தை கேட்டாள், "எதுலேருந்து?"

தரகருக்குப் புரியவில்லை. "எதுலேருந்துன்னா?"

"தரையிலேருந்தா, செருப்பிலேருந்தா?"

அந்தப் பேச்சு அதோடு போயிற்று. அம்மாவுக்கு இன்றுவரை அதில் வருத்தம். அத்தைக்கு, பதில் கிடைக்கவில்லையே என்றுதான் வருத்தம்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். சோதனை அறையில் ஜன்னலோரம் ஒரு சுழல் நாற்காலி உண்டு. சாயும், சுற்றும், இரண்டு பக்கமும் கெட்டியான கைப்பிடி. அறைத் தலைவர் மட்டும்தான் அதில் உட்காரலாம். மற்றவர்களுக்கு முதுகு இல்லாத ஸ்டூல். பழைய தலைவர் வேலையை விட்டுத் தன் மகள் ஊருக்குப் போனதும் நாற்காலி காலியானது. அத்தைக்கு அதன்மேல் எப்போதுமே ஒரு கண். வீட்டில் முதுகை நீவிக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவாள். சிலர் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசுவது போல.

முதலாளியம்மா அதிகம் பேசமாட்டார். பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்பார். ஒருநாள் அத்தையைக் கூப்பிட்டு, "புதுப் பலகைக்கு நீதான் பொறுப்பு. மைதானத்து ஆளுங்க பார்க்க வர்ற அன்னைக்குத் திரை ஒழுங்கா ஓடினா, நாற்காலி உனக்கு. ஓடலேன்னா வெளியிலேருந்து ஆள் எடுத்துடுவேன்" என்றார்.

அத்தை வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, "சம்பளம் கூடுமா?" என்று அம்மா கேட்டாள்.

"அதை யாரு கேட்டா அண்ணி? அது சாயும்."

புதுப் பலகைக்குப் புதுக் கிளாக் சிப். அத்தை அதன் டேட்டாஷீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் படித்தாள். கிளாக் சிப் ஒத்தைக் கைக்கு நானூறு தருகிறது. தாளம் கேட்கிற சிப்புக்கு ரெட்டைக் கையில் ஐந்நூறாவது வேண்டும், ஆயிரத்து இருநூறுக்கு மேல் போகக்கூடாது. நானூறைக் கேட்கிற சிப்பின் பாஷைக்கு மாற்றினால் எண்ணூறு. ஐந்நூறுக்கு மேலே, ஆயிரத்து இருநூறுக்குக் கீழே. அழகாகப் பொருந்துகிறது. எறும்புக் குறிப்பையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டாள். இதில் ஒரு தப்பும் இல்லை.

பிறகு கோட்டுக்கு போன் போட்டாள். கோடு என்பது ஒரு மனிதர். பலகையில் எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்று கோடு போடுகிறவர். முன்பு இதே அறையில் ஸ்டூலில் உட்கார்ந்தவர்தான். இப்போது வேறு ஊரில் உள்ள கிளையில் இருக்கிறார். அத்தை போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "தம்பி, கிளாக் வீச்சு எண்ணூறு" என்று சொல்லி, இரண்டு கையையும் ஏற்றி இறக்கி மாற்றினாள். இறங்கிய கை பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் டம்ளரில் பட்டது. டம்ளர் அப்பாவின் சட்டையில் கவிழ்ந்தது. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அது அவருடைய சீருடைச் சட்டை.

"பாப்பா, கொதிக்குது," என்றார் அப்பா.

"ஆமா தம்பி, எண்ணூறு," என்றாள் அத்தை போனில்.

பலகைகள் வந்தன. திரையைக் கீழே மெத்தைக் கடைக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்த மாதிரி நிறுத்திச் சோதிப்பது வழக்கம். இடம் மெத்தைக் கடைக்காரருடையது. அவர் போட்ட ஒரே நிபந்தனை, சோதனைப் படம் அவருடைய படமாக இருக்க வேண்டும் என்பதுதான். தன் கடையிலேயே சிறந்த மெத்தையில் அவர் கண்மூடிப் படுத்து, நிம்மதியாகச் சிரிக்கிற படம்.

அத்தை சுவிட்சைப் போட்டாள். மெத்தைக் கடைக்காரர் வீட்டளவு பெரிதாகத் தெரிந்தார். சிறிது நேரம் நிம்மதியாகப் படுத்திருந்தார். பிறகு உதறல் எடுத்தது. பல் கிட்டித்த மாதிரி உடம்பெல்லாம் ஆடியது. தலை மட்டும் மெதுவாக இடதுபக்கம் நகர்ந்து திரையை விட்டு வெளியே போய், வலதுபக்கம் காலுக்கு அருகே வந்து சேர்ந்தது. அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தது.

தெருவில் கூட்டம் கூடியது. நிஜ மெத்தைக் கடைக்காரர் ஓடிவந்தார்.

"என்ன டீச்சர் இது? என் மெத்தையில படுத்தா குளிர்ஜுரம் வரும்னு ஊருக்கே சொல்றீங்களா?"

"பலகையில ஏதோ கோளாறு. சரி பண்ணிடுறேன்."

"முதல்ல தலையை வைங்க. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "பாவம், படுத்த படுக்கையாவே ஆயிட்டாரே," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மதியத்துக்கு மேல் ஒரு தலையணைகூட விற்கவில்லை என்று மெத்தைக் கடைக்காரர் அத்தையிடம் தனியாக வந்து சொன்னார்.

அத்தை பலகையை மேலே கொண்டுபோய், அலையை அளக்கிற கருவியை மாட்டினாள். தாளம் கேட்கிற சிப்பின் வாசலில் ஒத்தைக் கைக்கு இருநூறுதான் வந்தது. ரெட்டைக் கையில் நானூறு. அந்தச் சிப்புக்குக் குறைந்தது ஐந்நூறு வேண்டும். காதில் விழுந்தும் விழாத மாதிரி கேட்டுக்கொண்டு, அது பாட்டுக்குத் தாளம் தப்பியிருக்கிறது. படமும் நழுவியிருக்கிறது.

நானூறு கொடுக்க வேண்டிய சிப் ஏன் இருநூறு கொடுக்கிறது? முதலில் அத்தை சிப் செய்தவர்களைத் திட்டினாள். பிறகு சிப்பின் காலிலேயே நேராக அளந்தாள். அங்கே சரியாக நானூறு இருந்தது. வழியில்தான் பாதி காணாமல் போகிறது. கம்பி போகிற பாதையைக் கண்ணாடி வைத்துத் தேடினாள். அரிசிக் குருணை அளவில் சில தடைகள் உட்கார்ந்திருந்தன. வருவதில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அனுப்புகிற தடைகள். இவற்றைப் போடச் சொல்லி அவள் கேட்கவே இல்லை. கோடுதான் தானாகப் போட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. அத்தை போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இந்தமுறை டம்ளரோடு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

"தம்பி, யாரைக் கேட்டுப் பாதியாக்கினே?"

"நீங்கதானேக்கா எண்ணூறுன்னு சொன்னீங்க. ஒரு கம்பி எண்ணூறு ஆடினா ரெட்டைக் கைக்கு ஆயிரத்து அறுநூறு வரும். அந்தச் சிப்பு ஆயிரத்து இருநூறுக்கு மேல தாங்காதே. செத்துடக் கூடாதேன்னுதான் தடை போட்டுப் பாதியாக்கினேன்."

"எண்ணூறு ரெட்டைக் கைடா. நான் ஒத்தைக் கைன்னு சொன்னேனா?"

"ரெட்டைக் கைன்னும் சொல்லலியே."

"சொல்லுவாங்களா? காட்டினேன்டா. ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் காட்டினேன். எங்க அண்ணன் மேல டீ கொட்டுற அளவுக்குக் காட்டினேன்."

கோடு மெதுவாகச் சொன்னார்: "நானும் கேட்டேன்க்கா. சந்தேகமாத்தான் இருந்துச்சு. 'எண்ணூறா?'ன்னு ஒத்தைக் கையைத் தூக்கிக் காட்டித்தான் கேட்டேன். நீங்க ஆமான்னீங்க."

"நீ தூக்கினதை நான் எங்கடா பார்த்தேன்?"

"நல்லா உயரமாத்தான் தூக்கினேன். சுவர்க் கடிகாரம் கீழ விழுந்துடுச்சு. இன்னும் ஓடலை. வேணும்னா போட்டோ அனுப்புறேன்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இருங்க. நீங்க ரெண்டு பேரும் போன்லயா கை காட்டிக்கிட்டீங்க?"

அத்தை தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டாள்.

"அவரு அங்க கடிகாரத்தை உடைச்சாரு. இவ இங்க டீயைக் கொட்டினா. சேதி மட்டும் போய்ச் சேரலை," என்று சொல்லிவிட்டு, தேய்த்துக்கொண்டிருந்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள். கறை வயிற்றுப் பக்கம் முழுக்க இருந்தது. "நாலு தடவை துவைச்சாச்சு. உங்க எண்ணூறு போகமாட்டேங்குது."

அப்பா ஜன்னலோரத்திலிருந்து, "வேன்ல ஏறுற பிள்ளைங்க எல்லாம் என்னை டீக்கடைங்குதுங்க," என்றார். அதுவரை அவர் எங்களிடம் அதைச் சொல்லவில்லை.

அத்தை போனை வைத்துவிட்டு ஸ்டூலில்கூட உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. "தடையை எடுத்துட்டா சரியாயிடுமா அத்தை?" என்று கேட்டேன்.

"பலகை சரியாயிடும். யாரு தப்புன்னு முதலாளியம்மா கேப்பாங்களே. கோடு தப்புன்னும் சொல்லலாம். கேக்காம போட்டான்ல."

"சொல்லப்போறியா?"

"அவன் கடிகாரம் உடைஞ்சிருக்குடி," என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அத்தை குருணைத் தடைகளை எடுத்துவிட்டு, பாதையை நேராக இணைத்தாள். கருவியில் ஒத்தைக் கைக்கு நானூறு வந்தது. ரெட்டைக் கையில் எண்ணூறு. மைதானத்து ஆட்கள் வந்தார்கள். திரையில் மெத்தைக் கடைக்காரர் மலைப்பாம்பு மாதிரி அசையாமல் படுத்திருந்தார். தலை கழுத்தின் மேலேயே இருந்தது. அவர்கள் வெகுநேரம் பார்த்தார்கள்.

"படம் ஓடுதா, நின்னுபோச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓடுதுங்க. நான் தூங்குறேன்," என்றார் மெத்தைக் கடைக்காரர் பெருமையாக. வந்தவர்கள் திரைக்கு ஆர்டர் கொடுத்தார்கள், போகும்போது ஒருவர் ஒரு தலையணையும் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போனதும் முதலாளியம்மா அத்தையை உள்ளே கூப்பிட்டார். "முதல் நாள் ஏன் அப்படி ஆச்சு?"

அத்தை உள்ளதைச் சொன்னாள். எண்ணைச் சொன்னேன், எதை அளந்த எண் என்பதை வாயால் சொல்லவில்லை, போனில் கையால் சொன்னேன், தப்பு என்னுடையது.

"எப்படிச் சொன்னே? செஞ்சு காட்டு."

அத்தை செய்து காட்டினாள். மேசையில் இருந்த பென்சில் டப்பா போய்ச் சுவரில் மோதி விழுந்தது. முதலாளியம்மா வாயில் இருந்த ஒரே பென்சில் தப்பித்தது. அவர் அதை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"காலையில கோடு போன் பண்ணினான். கேக்காம தடை போட்டது என் தப்புன்னான். நீ உன் தப்புங்கறே. ஒருத்தர் மேல போனா இன்னொருத்தர் கீழ போகணும். அப்பதான் எனக்கு ஏதாவது சேதி கிடைக்கும். நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கீழ போறீங்க. வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யத்தை வெச்சு நான் யாரைத் திட்டுறது? போய் நாற்காலியில உட்காரு."

அத்தை அன்று வீட்டுக்கு வந்தபோது நடையே வேறாக இருந்தது. அப்பாவுக்குப் புதுச் சட்டை ஒன்று வாங்கி வந்திருந்தாள். அடர்ந்த பழுப்பு நிறம். டீ கொட்டினாலும் தெரியாது. சீருடை அந்த நிறம் இல்லை என்று அப்பா சொல்லவில்லை. கோட்டுக்கும் ஒரு சுவர்க் கடிகாரம் பார்சல் போயிற்று. கூரைக்கு ரொம்பக் கீழே மாட்டாதே என்று ஒரு சீட்டும் உள்ளே போட்டாள்.

தலைவரானதும் அத்தை போட்ட முதல் சட்டம்: போனில் பேசும்போது கையை வாயால் சொல்ல வேண்டும். இப்போது அவர்கள் எல்லோரும் "ஒத்தைக் கை நானூறு", "ரெண்டு கை எண்ணூறு" என்றுதான் பேசுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயால் சொல்லும்போது கையும் கூடவே போகிறது. அதை அவர்களால் நிறுத்த முடியவில்லை.

அங்கேதான் நாற்காலி பழிவாங்கியது. அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி என்று சொன்னேன் அல்லவா? ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரை அத்தையின் இறங்குகிற கைக்குத் தடையே இல்லை. இப்போது ஒவ்வொரு ரெட்டைக் கைக்கும் முழங்கை போய் நங்கென்று கைப்பிடியில் இடித்தது. முதல் வாரம் முடிவதற்குள் இரண்டு முழங்கையும் வீங்கி, அம்மா ஒத்தடம் கொடுத்தாள். மெத்தைக் கடைக்காரர் இரண்டு குட்டித் தலையணைகளை மேலே கொண்டுவந்து, "டீச்சர், இதைக் கட்டிக்குங்க" என்றார். கட்டிப் பார்த்தாள். கை எகிறி எகிறி வந்தது.

"அப்ப ஸ்டூலுக்கே போயிடேன்," என்றாள் அம்மா.

"இத்தனை வருஷம் ஆசைப்பட்டுட்டா?"

மறுநாள் அத்தையைக் கூட்டிவர நான் கம்பெனிக்குப் போனேன். சோதனை அறையில் அத்தை தரையில் உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரால் நாற்காலியின் கைப்பிடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்று வந்துவிட்டது. மற்றதன் திருகு துருப்பிடித்து, அசையவே இல்லை. எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து, ஒரு பக்கம் மட்டும் கையை ஆட்டிப் பார்த்தாள். இடிக்கவில்லை. இன்னொரு பக்கம் ஆட்டினாள். இடித்தது.

"பரவாயில்லை," என்றாள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே. "இனிமே ஒத்தைக் கையில அளந்து, ரெண்டால பெருக்கிக்கிறேன்."